வடக்குச் சுவரோரம் ஒரு பெஞ்சு

பலகையின் நடுவில் கால் வைத்ததும் அது வளைந்தது. சேற்றுத் தண்ணீர் செருப்புக்குள் ஏறியது.

"ஓரமா வாங்க சார், ஓரமா!" என்று யாரோ கத்தினார்கள்.

ஓரம் என்று ஒன்று இருந்தால்தானே. நகரசபைக் கட்டடத்தின் முன்புறம் முழுவதையும் கொத்திப் போட்டிருந்தார்கள். கையிலிருந்த பிளாஸ்டிக் உறையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அவன் ஒருவழியாகப் படியேறினான். உறைக்குள் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் இருந்தது. அவனுடைய அக்கா இறந்துவிட்டாள் என்று அதில் எழுதியிருந்தது.

காலை ஐந்தேகாலுக்குப் போய்விட்டாள். நான்கு மணிக்கு அடக்கம். இந்தத் தாளில் பதிவாளரின் முத்திரை விழுந்தால்தான் அது அனுமதிச் சீட்டு; அது இல்லாமல் மயானத்துக்குள் விட மாட்டார்கள். சனிக்கிழமையாதலால் அலுவலகம் பன்னிரண்டுக்கே மூடிவிடும். பத்து மணிக்கு வந்து சேர்ந்தவனை, 'அழகுபடுத்தும் பணி நடைபெறுகிறது, மாற்றுவழி' என்ற பலகையிலிருந்த அம்பு கிழக்குப் பக்கம் அனுப்பியது. கிழக்கு வாசலில் பூட்டு. அங்கிருந்த அம்பு பின்பக்கம் போகச் சொன்னது. பின்பக்கத்து அம்பு மறுபடி முன்பக்கத்தையே காட்டியது. லிஃப்ட் ரிப்பேர்காரனாக, உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் "பத்து நிமிஷம் பொறுங்க" என்று இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லியே சம்பாதித்தவன் அவன். இங்கே யாரைக் கேட்டாலும் அதையே சொன்னார்கள்; அந்த வார்த்தை கேட்பவர் காதில் எப்படி விழும் என்று இன்றுதான் தெரிந்தது.

இதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில், வரைபடப் பிரிவில், அக்கா முப்பத்தொரு வருஷம் இருந்தாள். வெளியே கொத்திக் கிடப்பது அவள் போட்ட திட்டம்தான். மூன்று வருஷ வேலை, பதினோரு திருத்தம்.

கவுன்டரில் இருந்த பெண் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுல ஆண்னு போட்டிருக்கே சார்."

"என்னது?"

"இங்க பாருங்க. ஆண்ல டிக் பண்ணிருக்காங்க."

"இறந்தது எங்க அக்கா மேடம்."

"புரியுது சார். பேப்பர்ல ஆண்னு இருக்கே, நான் என்ன பண்றது?"

"பேரைப் பாருங்க. அது ஆம்பளப் பேரா?"

"பேரை வச்சு நாங்க எதுவும் பண்ண முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போயி திருத்தி வாங்கிட்டு வந்துடுங்க."

"போயிட்டு வர ரெண்டு மணி நேரம் ஆகும். நீங்க பன்னெண்டுக்கு மூடிடுவீங்க." குரல் தானாக ஏறியது. "முப்பத்தொரு வருஷம் உங்க தலைக்கு மேல உக்காந்து வேலை பாத்தவ. மூணாவது மாடி, டிராயிங் செக்‌ஷன். அவ ஆம்பளையா பொம்பளையான்னு இந்த ஆபீஸுக்குத் தெரியாதா?"

அந்தப் பெண்ணின் கை நின்றது. "யாரு... குழியக்காவா?"

அப்படி ஒரு பெயர் அவளுக்கு இருந்தது அவனுக்குத் தெரியாது.

"தப்பா நினைக்காதீங்க சார். எங்க மரம் நட்டாலும் டேப்ப எடுத்துக்கிட்டு வந்து குழிய அளப்பாங்க. அதான்... பிரியமாத்தான் சொல்லுவோம்." தாளை மெதுவாகக் கீழே வைத்தாள். "லீவுல இருக்காங்கன்னுதான நினைச்சோம்."

ஒன்பது நாள் லீவு. அதிகம் எடுத்துப் பழக்கமில்லாதவள்.

"பதிவாளர் கையெழுத்துப் போட்டா இங்கயே திருத்திடலாம் சார். மீட்டிங்ல இருக்காரு. வந்ததும் நானே வாங்கி வைக்கிறேன். அரைமணி நேரம் வெளிய இருங்க. நாற்காலியெல்லாம் பெயின்ட் அடிக்கன்னு எடுத்துட்டாங்க."

வெளியே வந்து உட்கார இடம் தேடினான். எங்குமில்லை. வடக்குச் சுவரோரம் அகலமில்லாத ஒரு நிழல் விழுந்திருந்தது. அதில் ஏழெட்டுப் பேர் வரிசையாக முதுகைச் சாய்த்து நின்றார்கள். எல்லார் கையிலும் தாள். ஒரு பெண் பச்சைக் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எதற்காக வந்திருக்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இவர்களைத்தான் அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் முழுவதும் மத்தியான நேரத்தில் மூன்றாவது மாடி ஜன்னலில் நின்று, எத்தனை பேர், எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் அதையே சொல்வாள். "பிறந்ததுக்கு வர்றவங்களாவது நடந்துக்கிட்டு இருப்பாங்கடா. செத்ததுக்கு வர்றவங்க அப்படியே நிக்கிறாங்க. வடக்குச் சுவரோரம் ஒரு நீள பெஞ்சு போட்டா போதும்." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ம்" என்பான். அவனுடைய மனைவிதான், "சாஞ்சுக்கிற மாதிரியா அண்ணி?" என்று கேட்பாள்.

நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்க வாங்க, ஒரு நம்பரை அவன் போனுக்கு அனுப்பினாள். நகரசபை இன்ஜினியருடைய நம்பர்.

"கூப்பிட்டுப் பேசுடா. பிளான்லருந்து பெஞ்ச எடுக்கக் கூடாதுன்னு சொல்லு. எனக்குக் கோவமாப் பேச வராது. உனக்கு வரும்."

"முதல்ல நீ உடம்பைப் பாரு. அந்தக் கட்டடமா வந்து உனக்கு ட்ரிப்ஸ் ஏத்தப்போகுது?"

"பேசுடா."

அவன் வராந்தாவுக்குப் போனான். தண்ணீர் குடித்தான். ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தான்.

"பேசிட்டியா?"

"பேசிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சரின்னுட்டாங்க. பெஞ்சு இருக்கும்."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நல்லது" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சுவரோரத்திலிருந்து நான்கடி தள்ளி மரம் நட ஆட்கள் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் மேஸ்திரியிடம் போனான்.

"பெஞ்சு எந்த இடத்துல வருது?"

"பெஞ்சா? பெஞ்சு ஏதும் இல்லையே சார்." மேஸ்திரி இடுப்பிலிருந்த வரைபடத்தை உருவி விரித்தார். "இங்க ஊர்ப் பேரு வருது. ஆள் உயரத்துக்கு எழுத்து, உள்ள லைட்டு. ஜனங்க நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க."

வரைபடத்தின் மூலையில், வரைந்தவர் என்ற இடத்தில், அக்காவின் பெயர் அச்சாகியிருந்தது.

நேற்று அழைக்காத நம்பரை அவன் இப்போது அழைத்தான். இரண்டு தடவை அடித்து நின்றது. மூன்றாவது தடவை எடுத்தார்கள். இன்னாரின் தம்பி என்று சொல்லி, செய்தியைச் சொன்னான்.

"அடக் கடவுளே. எப்போ?" என்றார் இன்ஜினியர். உண்மையாகவே வருத்தப்பட்டார். அது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பெஞ்சு ஏன் சார் இல்ல?"

"என்ன?"

"வடக்குச் சுவரோரம் பெஞ்சு. மூணு வருஷம் அதுக்காகத்தான் மாரடிச்சா. அதை எடுத்துட்டு எழுத்து வைக்கிறீங்களாமே. இங்க ஒரு மனுஷன் செருப்பு மேல உக்காந்திருக்காரு. வந்து பாருங்க. எழுத்து மேல உக்கார முடியுமா?"

"சார், அது கமிட்டி முடிவு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

"எப்ப முடிவு பண்ணீங்க?"

"போன வாரமே. இந்தப் புதன்கிழமை நானே அக்காவுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேனே. இனிமே மாத்த முடியாதுக்கா, எழுத்துக்குக் கான்ட்ராக்ட் கையெழுத்தாயிடுச்சுன்னு. சரிப்பான்னுட்டு வச்சாங்க." சற்று நிறுத்தி, "உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்.

எதிர்முனையில் இன்ஜினியர் இன்னும் என்னவோ ஆறுதலாகப் பேசிக்கொண்டிருந்தார். போனைக் காதிலிருந்து எடுத்த பிறகும் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். புதன்கிழமை. அவள் 'நல்லது' என்றது நேற்று, வெள்ளிக்கிழமை.

மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"அவங்களா தவறிட்டாங்க?"

"ம்."

"போன மாசம்கூட இதோ இங்க நின்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ரெண்டடி பத்தாது, நாலடி வெட்டுன்னு. சரிம்மான்னு தலையாட்டிட்டு ரெண்டடிதான் வெட்டுறோம்." துண்டை உதறித் தோளில் போட்டார். "பெஞ்சு என் கையில இல்ல சார். குழி என் கையில இருக்கு."

அவர் போய் ஆட்களிடம் ஏதோ சொன்னார். ஒருத்தர், "மறுபடியுமா?" என்று சலித்துக்கொண்டார். பிறகு கடப்பாரை இறங்கும் சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கவுன்டரிலிருந்த பெண் வாசலில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தாள். மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

திருத்தம் சிவப்பு மையில் இருந்தது. ஆண் என்பதை அடித்து, பெண் என்று எழுதி, பதிவாளர் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்திட்டிருந்தார். முத்திரை பாதிதான் விழுந்திருந்தது. "பரவாயில்ல சார், செல்லும்," என்றாள் அந்தப் பெண். பிறகு கவுன்டரின் ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அமரர் ஊர்தியில் மனைவி அவனருகில் உட்கார்ந்தாள். அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது.

"ஏங்க, ஒரு சீட்டு வாங்க இவ்வளவு நேரமா?"

"ஆண்னு போட்டுட்டாங்க."

"யாரை?"

"அவளைத்தான்."

அவள் அவனைப் பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அண்ணி கேட்டிருந்தா சிரிச்சிருப்பாங்க," என்றாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நேற்று என்ன நடந்தது என்று அவளிடம் சொல்ல நினைத்தான். உறைக்குள் சீட்டு இருக்கிறதா என்று மறுபடி பார்த்துக்கொண்டான்.

மயானத்து அலுவலகம் ஒரே அறை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலேயே கையை நீட்டினார். அவன் உறையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தான். எங்கே திருத்தியிருக்கிறது, யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று காட்டத் தயாராக விரலை வைத்துக்கொண்டான்.

அவர் அதைப் பார்க்கவே இல்லை. மேசை மேலிருந்த இரும்புக் கம்பியில், மற்றச் சீட்டுகளுக்கு மேல், நடுவாக வைத்துக் குத்தி அழுத்தினார். சிவப்பு எழுத்தின் மேலேயே ஓட்டை விழுந்தது. பிறகு தலையை ஆட்டி, போகலாம் என்று ஜாடை காட்டினார்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கம்பியிலிருந்த சீட்டுகளின் ஓரங்களெல்லாம் படபடத்தன. அவன் கையை நீட்டி, மேலிருந்த அக்காவின் சீட்டின் மடங்கிய முனையை மட்டும் நீவி நேராக்கினான். விரலை எடுத்ததும் அது மறுபடி மடங்கிக்கொண்டது.