சுவரோரம் நின்றவன்

தோர்ன்பி சாலையோரம் அன்று திறந்துவைத்த நினைவுக் கருங்கல்லில் நான்கு பெயர்கள்தான் இருந்தன. செத்தவர்கள் ஐந்து பேர். ஐந்தாவது பெயர் வேண்டாமென்று கடிதம் எழுதியவள், லிங்கன் நகரத்துக்குத் துணி வாங்கப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்து, கூட்டத்தின் பின்வரிசையில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். பெயர் எட்னா காட்ரன். ஐந்தாமவன் அவள் அண்ணன் க்ளிஃப்.

கல்லுக்குப் பின்னால் இப்போது முட்டைக்கோஸ் வயல். 1943இல் அது குண்டுவீச்சுக்காரர்களின் பயிற்சித்தளம். நவம்பர் மாதம், பட்டப்பகலில், ஒரு வெலிங்டன் விமானம் எஞ்சின் நின்றுபோய் ஓடுபாதையின் கோடியில் இருந்த மரங்களில் மோதியது. ஜெர்மனியை அந்தப் பையன்கள் வரைபடத்தில் பார்த்ததோடு சரி.

தந்தி வந்தபோது அம்மா அழவில்லை. பயிற்சியில் இறந்தார் என்ற வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள். எதிர்வீட்டு ஹார்ஸ்லி மகன் பெர்லினுக்கு மேலே செத்திருந்தான்; அவள் மகன் மட்டும் மரத்தில் முட்டிச் செத்தானா? அன்று சாயங்காலமே, அம்மா சொன்னபடி, ஊரைப் பொறுத்தவரை க்ளிஃபும் பெர்லினில் செத்தான். உள்நாட்டில் இறந்தவன் என்பதால், உடலை வீட்டுக்கு அனுப்பவா என்று விமானப்படை கேட்டது. பெர்லினில் செத்தவனின் சவப்பெட்டி உள்ளூர் ரயிலில் வந்து இறங்கினால் ஊர் சிரிக்காதா? அங்கேயே புதைத்துவிடும்படி அம்மா எழுதினாள். பத்தொன்பது வயது எட்னாதான் அதைத் தபாலில் போட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் இங்கே மறைந்தும் போயிற்று. ஊர்த் தேவாலயத்துப் பித்தளைப் பலகையில் பெர்லின் என்றே பொறித்தார்கள். அம்மா போன பிறகும் ஆண்டுதோறும் எட்னா அதைத் துலக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் கல்லறைக்கு மட்டும் ஒருமுறைகூடப் போகவில்லை.

பாதிரியார் ஜெபம் முடித்ததும் எல்லோரும் தேநீருக்கு நகர்ந்தார்கள். தடியூன்றிய கிழவர் ஒருவர் மட்டும் அவளிடம் வந்தார். பெர்சி ஹாலம், அந்த விமானத்தின் வால்பக்கத் துப்பாக்கிக்காரர். வால் தனியே முறிந்து விழுந்ததால் பிழைத்தவர்.

"க்ளிஃப் தங்கச்சிதானே? அதே மூக்கு," என்றார். "பேரு வேண்டாம்னு எழுதுனது நீங்கதானாமே."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பத்தாறு வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொல்வது அதுவே முதல் தடவை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. பயிற்சிக்கு வந்த முதல் வாரம் எல்லோரையும் ஒரு பெரிய கொட்டகையில் விட்டு, உங்கள் விமானக் குழுவை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அதிகாரிகள் போய்விட்ட கதையை அவர் சொன்னார். கல்யாண நடனத்துக்கு ஜோடி தேடுகிற மாதிரி எல்லோரும் அலைந்தார்களாம்.

"உங்க அண்ணனுக்குக் கூச்சம். எல்லாரும் சேந்துட்டாங்க, அவன் மட்டும் சுவரோரமா நிக்கிறான். எங்களுக்கு ரேடியோவுக்கு ஆள் வேணும். நான்தான்மா கூப்புட்டேன், எங்ககூட வாடான்னு. வேற யாரையோ கூப்புடுறேன்னு நெனச்சு பின்னாடி திரும்பிப் பாத்தான்."

தடியால் கல்லைக் காட்டினார். "இன்னிக்கு இதப் பாத்தா, மறுபடியும் அவன் சுவரோரமா நிக்கிற மாதிரி இருக்கும்மா."

எட்னா, கல்லை நட்ட விவசாயி டௌஸிடம் நேராகப் போய், இன்னொரு பெயருக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டாள். மனசு மாறினால் இருக்கட்டுமென்று அடியில் ஒரு வரி விட்டு வைத்திருப்பதாக அவர் சொன்னார். போட்டுவிடுங்கள் என்றாள், பத்திரிகையிலும் வரட்டும் என்றாள். பிறகு பெர்சியிடம் திரும்பினாள்.

"அவன் எங்க இருக்கான்? என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

ஒரு மைல்தான். கல்லறைத் தோட்டத்தில் ஐந்து வெள்ளைக் கற்கள் வரிசையாக நின்றன. நான்கின் அடியில் வீட்டார் எழுதிக்கொடுத்த வாசகங்கள்: எங்கள் செல்லம், அம்மாவின் ஒரே பிள்ளை, அப்படி. க்ளிஃபின் கல்லில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. என்ன எழுதலாம் என்று கேட்டு வந்த கடிதத்தை அம்மா அடுப்பில் போட்டது எட்னாவுக்கு நினைவு வந்தது.

அவள் ஈரப்புல்லில் முட்டிபோட்டு, அந்த வெற்றிடத்தைக் கையால் தடவினாள்.

"வீட்டுக்கு வாடான்னு நாங்க கூப்புடவே இல்லையே அண்ணே," என்றாள்.