கோந்து காயாத வாழ்த்து அட்டை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த லோகநாயகிக்கு அந்த டிசம்பரில் கை ஓயவே இல்லை. பகலெல்லாம் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு வாழ்த்து அட்டை ஒட்ட உட்கார்ந்தாள்.

அக்கா சாமுண்டீஸ்வரி, கிறிஸ்துராஜை விரும்பி, சர்ச்சில் மோதிரம் மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டு வேப்பம்பட்டுக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து அம்மா பொன்னியம்மா பெரிய மகளின் பேரை வாயால் சொன்னதில்லை. லோகநாயகி மட்டும் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவாள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்காவுக்குக் கடையில் கிடைக்கிற அட்டை கூடாது, ஊரில் வேறு யாரிடமும் இல்லாத ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறியே பிடித்திருந்தது.

அடியில் கருநீலச் சார்ட். அதன்மேல் வெளிர்நீலப் பட்டக் காகிதத்தைக் கையால் கிழித்துக் கிழித்து ஒட்டினாள். விடியற்கால வானம் வந்துவிட்டது. பச்சை வெல்வெட் பேப்பரில் ஒன்றன் பின் ஒன்றாக மூன்று குன்றுகள். கம்பெனியில் குப்பையில் போடுகிற தெர்மாகோலைச் சிறுசிறு துண்டாக்கி அடுக்குகளுக்கு நடுவே வைத்ததும், குன்றுகள் அட்டையைவிட்டு எழும்பி நின்றன.  லோகநாயகி கைதட்டிச் சிரித்துவிட்டாள்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த பொன்னியம்மா எட்டிப் பார்த்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை. மாட்டுக்கொட்டகையும் வால் நட்சத்திரமும் போட்ட அட்டை யாருக்குப் போகும் என்று தெரியாதா?

"கொட்டாய் இன்னாடி, ஒரு பக்கமா சாஞ்சிகினு கீது?" என்றாள்.

"நீ வந்து நிமித்து."

முறத்தை வைத்துவிட்டு வந்தவள் அப்புறம் எழுந்திருக்கவில்லை. கொட்டகையை நிமிர்த்தினாள். நட்சத்திரத்தின் வாலுக்கு ஜிகினாக் காகிதம் போதாதென்று, கிழிந்த பட்டுச்சேலையின் ஜரிகையைத் தேடி எடுத்து வெட்டினாள். "வானம்னா ஒரே நட்சத்திரமாடி?" என்று கேட்டுக் குன்றுகளின் தலைக்கு மேலே மினுங்கும் சம்க்கிப் பொட்டுகளை அள்ளிப் பதித்தாள். ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து ஒட்டியதில் தலையும் தலையும் இரண்டு தடவை முட்டிக்கொண்டன.

கிறிஸ்துமஸ் காலையில் பார்த்தால், மார்கழி ஈரத்தில் கோந்து காயவே இல்லை.

"மடிச்சா ஒட்டிக்குமே. கூட்டத்துல எப்பிடி எட்துகினு போவே?" என்றாள் பொன்னியம்மா.

"மடியில வெச்சிக்கிறேன்."

"நீயா? வண்டியில உக்காந்தாலே தூங்கி வழிவே. இரு, பொடவ மாத்திகினு வரேன்."

 தான் ஏதாவது பேசினால் அம்மாவின் மனசு மாறிவிடுமோ என்று பயந்து, லோகநாயகி, வாயை இறுக மூடிக்கொண்டு பூட்டைத் தேடினாள்.

ரயிலில் பொன்னியம்மா அட்டையை எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்து, சாமிக்குக் கொண்டுபோவதுபோல் ஏந்திக்கொண்டாள். ஆவடியில் ஏறிய பூக்காரி அதைப் பார்த்து வாய் பிளந்தாள்.

"அய்ய, எம்மாம் அழகா கீது! யாருக்கும்மா?"

"என் பெரிய பொண்ணுக்கு," என்றாள் பொன்னியம்மா.

லோகநாயகி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

ஆனால் வேப்பம்பட்டில் இறங்கியதும் பொன்னியம்மாவின் கால் நகரவில்லை. தாம்பாளத்தை மகளிடம் நீட்டினாள். "நீ போய்க் குட்த்துட்டு வா. நான் இங்கியே நிக்கிறேன்."

இவ்வளவு தூரம் வந்தா!  லோகநாயகி தாம்பாளத்தை வாங்குகிற சாக்கில் கட்டை விரலால் நட்சத்திரத்தை லேசாகத் தள்ளினாள். அது வழுக்கிக் குன்றின்மேல் வந்து விழுந்தது.

"ஐயோ, பாரும்மா, நான் தொட்டதுமே சரிஞ்சிடிச்சு!"

"ஒரு வேல உருப்படியா செய்யமாட்டே நீ. குடு இப்பிடி!" பொன்னியம்மா தாம்பாளத்தைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். வழி மட்டும் பின்னாலிருந்து லோகநாயகி சொல்லிக்கொண்டே வந்தாள்.

கதவைத் திறந்த சாமுண்டீஸ்வரி கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். 

"பாத்துகினே நிக்கிறியே, புடிடி. மெதுவா. கோந்து காயல," என்றாள் பொன்னியம்மா.

சாமுண்டீஸ்வரி தாம்பாளத்தை வாங்கித் தரையில் வைத்தாள். மறுநொடி அம்மாவைக் கட்டிக்கொண்டு விம்மினாள். "அழாதடி, நல்ல நாள் அதுவுமா," என்று அதட்டிய பொன்னியம்மாவின் குரலும் சரியாக இல்லை.

சர்ச்சில் பூசை முடிந்து கிறிஸ்துராஜ் திரும்பி வந்தபோது, நடுக் கூடத்தில் மாமியார் சம்மணம் போட்டு உட்கார்ந்து நட்சத்திரத்தை மறுபடியும் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக் கழற்ற மறந்து வாசலிலேயே நின்றான்.

பொன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள். "வெரல்ல ஒட்டிக்கிதுப்பா. ஒரு ஈர்க்குச்சி இருந்தா குடேன்."

கிறிஸ்துராஜ் உள்ளே ஓடினான். ஓடிய வேகத்தில், துடைப்பத்தையே தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.