எட்டாம் தூணும் டெரிக்கின் பாக்கெட்டும்

வண்டி மறுபடியும் எட்டாம் தூணருகே நின்றபோது நான் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். பொறியியல் படித்ததன் பலன் இது. பெங்களூர் பொம்மசந்திராவில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில், ஓட்டுநர் இல்லாமல் சரக்கு இழுக்கும் வண்டிகளின் வைஃபையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த வாரம் மட்டும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டெரிக்கை ஒளிந்திருந்து பார்த்துக்கொள்வது.

கண்ணாடி அறைக்குள் இருக்கும் கணினி, கண் இமைப்பதற்குள் பலமுறை ஒவ்வொரு வண்டியிடமும் ‘இருக்கியா?’ என்று கேட்கும். வண்டி ‘இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். கேள்வி வந்து சேராவிட்டால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். யார் மேலும் ஏறிவிடக் கூடாதே. திருப்பத்தூரிலிருந்து என் அம்மா ஃபோன் செய்வதும் இதே முறைதான். நான் எடுக்காவிட்டால் நின்றுபோவது அவள் என்பதுதான் வித்தியாசம்.

மேனேஜர் சேஷகிரி மூன்று தலைமுறையாக பெங்களூர்க்காரர். கோபத்தைக் கன்னடத்திலும் சந்தேகத்தைத் தமிழிலும் வைத்திருந்தார்.

“ஆயுத பூஜைக்கு அப்புறம்தான் நிக்குது. அன்னிக்கு அவன் குங்குமம் வெச்சுக்கலை, கவனிச்சியா?”

“அவர் கிறிஸ்டியன் சார்.”

“நான் அதைச் சொல்லலைப்பா,” என்றார். அதைத்தான் சொன்னார். “இந்த வண்டிங்க ஒழுங்கா ஓடினா அவன் வேலை போயிடும். எப்பவும் ஒரு கை பாக்கெட்டுல. உள்ள சிக்னலைக் கெடுக்கிற ஜாமர் வெச்சிருக்கான். திங்கக்கிழமை கஸ்டமர் வராங்க, அதுக்குள்ள அவன் கேட்டுக்கு வெளிய இருக்கணும். நீ பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

“பார்க்கலையே சார்.”

“பாரு. அதுக்குத்தானே அனுப்பறேன்.”

பார்த்தேன். ஃபோர்க்லிஃப்டை நிறுத்தி சார்ஜ் போடும் இடமே எட்டாம் தூண்தான் என்பதால் டெரிக் எப்போதும் அங்கேதான் இருந்தார். வலது கை எப்போதும் பாக்கெட்டில். வண்டி நின்றதும் சிரித்தார். தன் வேலையைப் பிடுங்க வந்த இயந்திரம் படுத்துக்கொண்டால் சிரிப்பது சட்டப்படி குற்றமில்லை. ஆனாலும் எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. சந்தேகம் சளி மாதிரி. சேஷகிரியின் அறையில் உட்கார்ந்துவிட்டு வந்தால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும்.

“கவினு, வெளிய வா தம்பி. டீ ஆறுது,” என்றார் டெரிக்.

வந்தேன். “எப்படிண்ணா தெரிஞ்சுது?”

“ஐடி கார்டு வெளிய தொங்குது. நீயெல்லாம் திருடப் போனா வாசல்ல பேரு எழுதிட்டுத்தான் உள்ள போவ.”

“பாக்கெட்டுல என்னண்ணா?”

“என் கை.” இடது கையால் டீயை உறிஞ்சினார். “வேலை இல்லன்னு அனுப்பினா வேற கேட்டுக்குப் போவேன். மெஷினைக் கெடுத்தவன்னு அனுப்பினா இந்த ரோட்ல எந்த கேட்ல சேத்துப்பான், சொல்லு?”

அவர் முகத்தைத் தவிர்த்து மேலே பார்த்தேன். தூணின் உச்சியில் என் வைஃபை பெட்டி தெரிய வேண்டும். இல்லை. அதை மறைத்துக்கொண்டு பூஜைக்குக் கட்டிய இரண்டு வாழைமரங்கள் இருந்தன. தானாக வாடி விழும்வரை எடுக்கக் கூடாது என்பது சேஷகிரி வீட்டு வழக்கம். கஸ்டமர் வரும்வரை வாடவும் கூடாது என்பதால் அடியில் தினமும் ஈரச்சாக்கு. வாழைத்தண்டு என்பது நிற்க வைத்த தண்ணீர். தண்ணீரைத் தாண்ட வைஃபைக்குத் திராணி கிடையாது. இதைப் படித்து மதிப்பெண் வாங்கியவன்தான், அன்று அதே மரத்தடியில் கன்னத்தில் போட்டுக்கொண்டு பொரி தின்றேன்.

“யாருண்ணா அவ்ளோ மேல ஏத்தினது?”

“நான்தான், ஃபோர்க்லிஃப்ட்ல. ஃபோட்டோல தெரியணும், இன்னும் மேல, இன்னும் மேலன்னு சாருதான் சொல்லிக்கினே இருந்தாரு.”

சேஷகிரியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வந்து மரங்களைப் பார்த்தார்.

“ஏத்தினது யாரு? அவன்தானே?”

“நீங்க சொல்லித்தானே சார்.”

“நான் மேலன்னேன். பொட்டிக்கு முன்னாலன்னேனா?” சந்தேகம் தீரவில்லை, இடம் மாறிக்கொண்டது. “ராகு காலம் முடியட்டும். அவனையே இறக்கச் சொல்லு. கையைப் பார்த்துக்கோ.”

டெரிக் இறக்கினார். ஒரே கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி, ஒரு இலைகூடக் கிழியாமல். என் லேப்டாப்பில் சிக்னல் முழுசாக நிமிர்ந்தது. வளைவில் வண்டி வந்தது. நிற்காமல் எட்டாம் தூணைக் கடந்தது. அப்போது டெரிக் ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறங்கி, நடந்து போய், சேஷகிரியைப் பார்த்தபடி அதன் பாதையில் நின்றார்.

வண்டி நின்றது.

“நோடு, நோடு! நின்னுடுச்சு!” என்று பாதிக் கன்னடத்தில் கத்தினார் சேஷகிரி. “பாக்கெட்ல கை, பாரு!”

“சார், எதிர்ல ஆள் நின்னா அது நிக்கும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க.”

“அப்போ அவனை நகரச் சொல்லு.”

நான் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். திரையில் கேள்வியும் பதிலும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன: இருக்கியா, இருக்கேன், இருக்கியா, இருக்கேன். வண்டியின் பச்சை விளக்கு டெரிக்கின் சட்டையில் விட்டு விட்டு விழுந்தது. அவர் நகரவில்லை. கை பாக்கெட்டிலேயே இருந்தது.