மஞ்சள் தாளுக்கு அடங்காத குத்து

ஹமாசாக்கியின் மேசையிலிருந்து ஓவியக் கட்டு திரும்பி வந்ததுமே சிஸுரு அதைப் பிரித்துப் பார்த்தாள். அவள் வரைந்த முகம் ஒவ்வொன்றின் மேலும் ஒரு மஞ்சள் தாள். அனிமேஷன் படத்தின் ஓவிய மேற்பார்வையாளர் ஹமாசாக்கி திருத்தம் போடுவது அதில்தான். அடியில் யார் என்ன வரைந்திருந்தாலும் படத்துக்குப் போவது மஞ்சள் தாளில் இருப்பதுதான்.

படத்துக்கு மூலமான சண்டை வீடியோ விளையாட்டின் நாயகி செட்சு, மலை மாதிரி ஒருவனிடம் தாடையில் குத்து வாங்கும் காட்சி அது. சிஸுரு வரைந்ததில் கன்னம் கோணி, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. மஞ்சள் தாளில் இருந்த செட்சுவோ சமர்த்தாகக் கண்ணை மூடி அழகாகச் சாய்ந்திருந்தாள்.

கட்டை ஹமாசாக்கியின் மேசையில் போட்டாள். "என்ன சார் இது? குத்து வாங்கினாளா, குட்டித் தூக்கம் போடுறாளா?"

"என்கிட்ட கத்தாதே. ஓகினோமே சார் உத்தரவு. அவ முகம் கோணக் கூடாதாம். பொம்மை விக்கணுமாம்."

ஓகினோமே அந்த விளையாட்டை விற்கும் கம்பெனியின் ஆள். படத்துக்குப் பணம் போடுவதும் அவர்கள்தான்.

"ஆம்பளைங்க மூஞ்சியை மட்டும் சப்பாத்தி மாவா பிசையலாமாக்கும்?"

ஹமாசாக்கி பார்லி டீயை உறிஞ்சினார்.

பள்ளி நாட்களில் நகானோ வீடியோ விளையாட்டுக் கூடத்தில் கேலி பேசிய பையன்களின் வாயை, சிஸுரு செட்சுவாக ஆடி ஜெயித்துத்தான் அடைத்தாள். உயிர் நூலாய்த் தேய்ந்த பிறகும் எழுந்து அடிப்பவள் செட்சு. அடியே படாதவள் ஜெயித்தால் அது என்ன வெற்றி? இந்தக் குத்தை எடுத்துவிட்டால் மிச்சம் பொம்மை விளம்பரம்தான். அதற்குத் தன் பெயரைக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

நேராக இயக்குநர் நெஸுவிடம் போய் நின்றாள்.

"முகம் கோணக் கூடாது, அவ்வளவுதானே சார்?"

"அவ்வளவுதான்மா."

"முகமே வராட்டி?"

நெஸு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வரைஞ்சு கொண்டா. ஒத்துவரலைன்னா பழசுதான், அப்புறம் மூச்சு விடக் கூடாது."

"ஒத்துவரலைன்னா என் பேரை எடுத்துடுங்க. நானும் கெளம்புறேன்."

புதிய கட்டு வந்தபோது ஹமாசாக்கி மஞ்சள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்.

"எங்கேம்மா முகம்? எதைத் திருத்துறது நான்?"

"ரத்தத்தை வேணும்னா அழகா திருத்துங்க."

காட்சிகளைப் போட்டுப் பார்க்கும் நாள். இருட்டறையில் நடு நாற்காலியில் ஓகினோமே. நெஸு 'ரீடேக்' என்றால் காட்சி குப்பைக்கு, 'சரி' என்றால் படத்துக்கு. சிஸுரு சுவரோரமாக நின்றாள். தலை குனியவில்லை.

திரையில் செட்சு இல்லை. அவள் கண்ணில் தெரிவது மட்டுமே இருந்தது. முஷ்டி நேராக வந்தது, பெரிதாகி, திரையையே விழுங்கியது. வானம் கோணியது, தரை செங்குத்தாக எழுந்தது. பிறகு ரத்தத்தில் சிவந்த அவள் உள்ளங்கை, அதில் உடைந்த பல். விரல்கள் அந்தப் பல்லோடு மூடி முஷ்டியாகின.

விளக்கு எரிந்தது. ஓகினோமே நாற்காலியோடு பின்னுக்குச் சரிந்திருந்தார்.

"செட்சு முகம் எங்கே? நான் முகம் கேட்டேனே!"

"இருக்கே சார்," என்றாள் சிஸுரு. "நீங்க இப்ப தடவிக்கிட்டு இருக்கீங்களே, அதுதான்."

ஓகினோமே தன் தாடையிலிருந்து கையைச் சட்டென்று எடுத்தார்.

"சரி," என்றார் நெஸு. "அடுத்ததைப் போடுங்க."