ஜுரேமாவின் முதல் பாட்டும் கிழிந்த விசிறியும்

பிரேசிலின் ரெசிஃபே நகரில் எங்கள் ஞாயிறு மதிய நடனக் கூடத்து வாசலில் பதினைந்து வருஷமாகப் பெரிய விசிறி விற்கிறேன். பாட்டு பிடித்துவிட்டால் ஆடுகிறவர்கள் தாளத்துக்குப் படாரென்று விசிறியை விரித்தடிப்பார்கள். பிடிக்காவிட்டால் சும்மா காற்று வாங்குவார்கள். நான் ஒருநாளும் அடித்ததில்லை. விற்கிறவளே அடித்துக் கிழித்தால் சரக்கு என்னாவது?

ஜெனிவால் மீன் சந்தையில் கூவி விற்கிறவன். பொய்முடியும் பளபள கவுனும் மாட்டி மேடையேறிவிட்டால் அவனே ஜுரேமா. ஒன்பது வருஷமாக அடுத்தவர் பாட்டுக்கு வாயசைத்தவள், முதல்முறையாகச் சொந்தக் குரலில் ஒரு பாட்டு பதிந்திருந்தாள். அந்த ஞாயிறுதான் அது கூடத்தில் முதன்முறை ஒலிக்கப்போகிறது. அன்றைக்குக் கூட்டம் காற்று வாங்கிவிட்டால், பாட்டுப் போடும் டிஜே டுக்கா அதை மறுபடி தொடமாட்டான்.

"அக்கா, இந்தப் பொய் இமைமுடியைப் பாருங்க. ஒட்டவே மாட்டேங்குது," என்று வாசலுக்கே வந்துவிட்டாள்.

"மீன் செதில் உரிக்கத் தெரியுது, ஒரு இமை ஒட்ட மட்டும் தெரியாதாக்கும்!"

"கிண்டல் பண்ணாதீங்க. யாரும் அடிக்கலன்னா என்ன பண்றதுன்னு விசிறிச் சத்தத்தையும் பாட்டுக்குள்ளயே பதிஞ்சுட்டேன்."

"அடிப்பாவி! நீயே அடிச்சுட்டா அவங்க எதுக்குடீ அடிக்கணும்?"

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மேடையேறினாள்.

பாட்டு ஆரம்பித்தது. ஸ்டுடியோவில் தேய்த்து மழமழவென்று ஆக்கிய குரல். ஒவ்வொரு வரி முடிவிலும் ஸ்பீக்கரே படாரென்றது. விசிறியை ஓங்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடிக்க இடமே இல்லை. ஒருத்தன் முகத்துக்கு விசிற ஆரம்பித்தான், பிறகு பத்துப் பேர், பிறகு எல்லோரும். ஜுரேமாவோ பழக்கதோஷத்தில் தன் பாட்டுக்கே வாயசைத்துக்கொண்டிருந்தாள்.

விசிறிக் கூடையோடு வாசலை விட்டு உள்ளே ஓடினேன். "டேய் டுக்கா, நிறுத்துடா!"

பயந்துபோய் நிறுத்திவிட்டான். ஜுரேமா என்னை எரிப்பதுபோல் பார்த்தாள்.

"என்னடீ முறைக்கிற? மீன் கூவுற குரல் இருக்கில்ல, அதுல பாடு!"

கூட்டம் சிரித்தது. அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மைக்கைப் பிடுங்கி, சந்தையே திரும்பிப் பார்க்கும் அந்தக் கரகரத்த தொண்டையில் இழுத்தாள்: "வழி விடு, வழி விடு, நான் வர்றேன்!" மூச்சு வாங்க நிறுத்தினாள்.

அந்த இடைவெளியில் எங்கிருந்தோ ஒரு படார். அடுத்த வரிக்கு முந்நூறு படார். டுக்கா வெறும் தாளத்தை மட்டும் கீழே ஓட்டினான். ஜுரேமா நான்கு தடவை பாடினாள்.

இறங்கியதும் நேராக என்னிடம் வந்தாள். பொய் இமை ஒன்று கன்னத்தில் தொங்கியது.

"முதல்ல அடிச்சது யாருக்கா?"

"எனக்கென்ன தெரியும்? நான் என் வேலையைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

குனிந்து என் கூடையைக் கிளறினாள். "இது ஏன் கிழிஞ்சிருக்கு?"

"எலி கடிச்சிருக்கும்."

சிரிக்கப்போனவள் அழுதுவிட்டாள். அந்த விசிறியை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போனவள் இன்றுவரை திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.