எஷிம் துப்பாக்கி துடைத்த கதை

எஷிமின் துப்பாக்கி சுடும்போது சத்தம் போடாது, துடைக்கும்போதுதான் போடும். வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். மலையில் காட்டாடு சத்தமில்லாமல் சாயும். வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கம்பியில் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்தால், கரியோடு சேர்ந்து அந்த வெடிச்சத்தம் வெளியே வந்து விழும். கிர்கிஸ் மலைநாட்டில், நாரின் என்னும் ஆற்றுக்கு மேலேயுள்ள எங்கள் ஊரில் வேட்டை முடிந்து வந்தவனிடம் "ஷிரால்கா" என்று யார் கேட்டாலும் இறைச்சியில் பங்கு கொடுத்தாக வேண்டும். எஷிம் ஆள் நடமாட்டமில்லாத ஓடை வழியாக ஒளிந்து வீட்டுக்கு வந்து பார்த்தான். துப்பாக்கியைத் துடைத்ததும் தெருவே கிண்ணத்தோடு வாசலில் நின்றது.

கஞ்சனுக்கு அது பொறுக்கவில்லை. துடைப்பதையே விட்டான். கேட்டவர்களிடம், "ஒண்ணும் சிக்கல, எல்லாம் தப்பிப் போச்சு" என்பான், உதட்டில் கொழுப்பு மின்ன. மூன்று குளிர்காலம் இப்படியே ஓடியது. "தப்பிப் போனதுக்கே இந்தத் தொப்பையாண்ணே?" என்று பக்கத்து வீட்டுக் காலிப்பா கேட்டாள்.

பிறகு அவனுடைய குதிரை குட்டி ஈன்றது. அந்தக் குட்டி மேல் அவன் வைத்திருந்த பாசம் மனைவி சைராகுல் மேல்கூட இல்லை. இதை அவளே எல்லோரிடமும் சொல்வாள். குட்டி எழுந்து நிற்பதற்குள் லாயத்துக்கு ஓநாய்கள் வந்துவிட்டன. எஷிம் தோட்டாவைத் திணித்தான், உள்ளே போகவில்லை. குழல் முழுக்கப் பழைய சத்தம் அடைத்துக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினான். அது கரியைத்தான் கரைத்தது, தோட்டாக்கள் உரசிக் குழலுக்குள் விட்டுப்போன செம்புப் படிவு அசையவில்லை. சைராகுல் அம்மோனியாப் புட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்தாள்.

"இழுய்யா. ஊரு கேட்டா கேக்கட்டும்."

இழுத்தான். செம்பு கரைந்து துணி பச்சையாக வந்தது. பின்னாலேயே மூன்று குளிர்காலத்து வெடிச்சத்தமும் வந்தது. ஓநாய்கள் கணவாயைத் தாண்டி ஓடின, ஊர் கிண்ணத்தோடு ஓடிவந்தது. இறைச்சியெல்லாம் எப்போதோ எஷிமின் வயிற்றுக்குள் போயிருந்தது. காலிப்பா குதிரையின் மடியைப் பார்த்தாள். "கறி போனாப் போவுது. குமிஸ் ஊத்து." அந்தக் கோடை முழுக்க அவனுடைய குதிரைப்பாலைப் புளிக்கவைத்து ஊரே குடித்தது.

கோடை முடிவில் எஷிம் ஒரு காட்டாட்டைப் பார்த்துச் சுட்டான், குறி உண்மையாகவே தப்பியது. பட்ட பாட்டை நினைத்து அன்றே துப்பாக்கியைத் துடைத்தான். ஊர் வந்தது. "சத்தியமா தப்பிப் போச்சு" என்று குட்டியின் தலையில் கைவைத்துச் சொன்னான். யாரும் சண்டைக்குப் போகவில்லை, நம்பவும் இல்லை. வரிசையாக உட்கார்ந்து குமிஸுக்குக் கிண்ணத்தை நீட்டினார்கள். சைராகுலும் தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு காலிப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.