ஐந்தாவது அட்டை

நீரஜா டீச்சர் பாடம் எடுத்தால் வகுப்புக்கு மட்டுமில்லை, தெருவுக்கே பாடம். மயிலாப்பூரில் அந்தப் பெண்கள் பள்ளிக்கு எதிரே கடை போட்டிருந்த வெற்றிலைக்காரிக்குக்கூட நியூட்டனின் மூன்று விதிகளும் தெரியும் என்று சக ஆசிரியைகள் கேலி செய்வார்கள். கேலியில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருக்கும். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் அவள் "புரிஞ்சுதா?" என்று கேட்டால், "புரிஞ்சுது டீச்சர்" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொல்லும். விஞ்ஞானத்தில் வருஷா வருஷம் அவள் பிள்ளைகள்தான் முதல். ஓர் ஆசிரியைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவள் நிம்மதியாக இருந்தாள். ஒருத்தர் நிம்மதியாக இருந்தால் விதிக்குப் பொறுக்காதே.

1971இல் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த கொஞ்ச நாளில் குரல் கரகரக்க ஆரம்பித்தது. மிளகுக் கஷாயம், பனங்கற்கண்டு, சித்தரத்தை எதற்கும் அது மசியவில்லை. ஆடி பிறந்த வாரத்தில், பாடத்தின் நடுவே, பாதி வாக்கியத்தில் குரல் நின்றே போய்விட்டது. ராயப்பேட்டையில் தொண்டை டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"பேனா பிடிக்கிற விரல்ல காய்ப்பு விழும் பாருங்க, அது மாதிரி குரல் நாண்ல விழுந்திருக்கு. மூணு மாசம் வாயைத் திறக்கக் கூடாது. குசுகுசுன்னு பேசறதும் கூடாது. மீறினீங்கன்னா அப்புறம் ஆபரேஷன்தான்" என்றார்.

அன்றிலிருந்து நீரஜாவின் பையில் ஒரு சிலேட்டும் பல்பமும் குடியேறின. காய்கறிக்காரியிடம் சிலேட்டை நீட்டினால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னாம்மா, வாயில கொயக்கட்டையா?" என்று கேட்டுவிட்டு, விரலால் காட்டிய கத்தரிக்காயை விட்டுவிட்டு வெண்டைக்காயை நிறுத்துப் போட்டாள். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பள்ளியில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

தலைமையாசிரியை புஷ்பம் திருநெல்வேலிக்காரர். நல்ல மனுஷி, ஆனால் நிர்வாகக் கமிட்டி என்றால் ஒரு நடுக்கம். அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பியும் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"தப்பா நெனைச்சுக்கிடாதீங்க, நீரஜா டீச்சர். பேசாத டீச்சர் எப்படிப் பாடம் எடுப்பாகன்னு கமிட்டில கேக்காங்க. அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன். அது வரைக்கும் உங்க கிளாஸை நான் யாருக்கும் கொடுக்கல. அன்னைக்குச் சரியா வரலைன்னா உங்களை லைப்ரரிக்கு மாத்த வேண்டி வரும். ஒருதடவை லைப்ரரிக்குப் போயிட்டா மறுபடி கிளாஸுக்குக் கொண்டாரது கஷ்டம். முன்கூட்டியே சொல்லிட்டேன்."

நீரஜா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். பதினெட்டு வருஷம் வகுப்பில் நின்றவள். இனிப் புத்தகத்துக்கு எண் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

வழி சொன்னதும் புஷ்பம்தான். பழைய மாணவி ஒருத்தி பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்த டேப் ரிக்கார்டர் ஒன்று இரும்பு பீரோவில் இருந்தது. ஆண்டு விழாவில் கடவுள் வாழ்த்துக்கு ஒருமுறை வெளியே வரும். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக்கொள்ள மறுமுறை வரும். மற்றபடி அதை யாரும் தொடக்கூடாது. அதை இப்போது நீரஜாவின் வீட்டுக்கே ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பிவைத்தார்.

பாடத்தை நீரஜா எழுதினாள். படித்துப் பதிவு செய்தவர் அவள் கணவர் ஸ்ரீரங்கன். மின்சார வாரிய ஆபீஸில் கணக்குப் பிரிவில் வேலை, ஆனால் வீட்டில் ஃப்யூஸ் போனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவர். காலையும் மாலையும் கேசவப் பெருமாள் கோயில் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவிக்கிற குரல் அவருடையது. வெண்கலக் குரல் என்று எல்லாரும் சொல்வார்கள். மின்சுற்றுப் பாடத்தையும் அவர் அதே குரலில், அதே இழுப்பில் சேவித்தார். "மின்கலத்தின் ஒரு முனையில் தொடங்கி, விளக்கின் வழியே சென்று, மறுமுனையை வந்தடையும் பாதைக்கு மின்சுற்று என்று பெயர்" என்று நிறுத்தி, கோஷ்டிப் பழக்கத்தில் கடைசி வரியை மட்டும் இன்னொரு தரம் சொல்லி முடித்தார்.

நீரஜா சிலேட்டில், "ஏன் ரெண்டு தடவை?" என்று எழுதினாள்.

"முடியறச்சே ரெண்டு தரம் சேவிச்சாத்தான் பூர்த்தி ஆன மாதிரி இருக்கு" என்றார் அவர்.

வகுப்பில் டேப் ஓடியது. பெண்கள் இரண்டு நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் நாள் கூடவே சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த வாரக் கடைசியில் டேப்பை நிறுத்தினாலும் பாடம் நிற்கவில்லை, அதே ராகத்தில் கடைசிவரை போனது. வராந்தாவில் நின்று கேட்ட புஷ்பத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "இது போதும் டீச்சர். இன்ஸ்பெக்ட்ரஸ் அசந்துபோயிடுவாக" என்றார்.

சின்னதாக ஒரு பரீட்சை வைத்தாள் நீரஜா. விடைத்தாள்களை வீட்டுக்கு எடுத்துவந்து, காப்பியும் கையுமாகத் திருத்த உட்கார்ந்தாள். முதல் தாளில் பாடம் அட்சரம் பிசகாமல் இருந்தது. அடுத்ததும் அப்படியே. அத்தனை பேரும் கடைசி வரியை இரண்டு தரம் எழுதியிருந்தார்கள். நீரஜாவுக்குச் சிரிப்பு வந்தது. கட்டு பாதி தீர்வதற்குள் அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மறுநாள் ஒரு பேட்டரிக் கட்டை, ஒரு டார்ச் பல்பு, ஒரு துண்டுச் செப்புக் கம்பி மூன்றையும் மேஜை மேல் வைத்தாள். பல்பை எரியவைக்கும்படி சைகை காட்டினாள். முதலில் வந்தவள் ஜமீலுன்னிசா. ராயப்பேட்டைப் பக்கத்திலிருந்து நடந்து வருகிற பெண், டேப் பாடத்தை எல்லாரையும்விடக் கணீரென்று சொல்கிறவள். கம்பியின் ஒரு முனையைக் கட்டையில் வைத்தாள், மறுமுனையில் பல்பை ஒட்டிக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்சம் அழுத்தியும் பார்த்தாள்.

"பல்பு ஃபீஸ் போயிட்டுகீது டீச்சர்" என்றாள்.

அடுத்து வந்தவளும் அதையே சொன்னாள். அப்புறம் வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். ஒரு பல்பை எரியவைக்க அந்த வகுப்பில் ஒருத்திக்கும் தெரியவில்லை. இதே பெண்கள்தான் போன மாதம் "புரிஞ்சுது டீச்சர்" என்று கத்தியவர்கள். இவர்களுக்கு முன்னால் பதினெட்டு வருஷமாகக் கத்திவிட்டுப் போனவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? நீரஜாவுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. பெண்கள் மேல் இல்லை.

முந்தின வருஷக் கோடையில் சைதாப்பேட்டையில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பாடத்தைச் சின்னச் சின்னப் படியாக உடைக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் மாணவியே ஒன்றைச் செய்ய வேண்டும். செய்தது சரியா என்று அப்போதே அவளுக்குத் தெரிய வேண்டும் என்றெல்லாம் அங்கே ஒருவர் பேசினார். நீரஜா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கென்ன, குரல் இருக்கிறது என்ற நினைப்பு. அங்கே கொடுத்த சைக்ளோஸ்டைல் தாள்கள் சமையலறை அலமாரியில் பருப்பு டின்களுக்கு அடியில் விரிப்பாகக் கிடந்தன. டின்களைத் தூக்கி, எண்ணெய்க் கறையோடு அவற்றை உருவி எடுத்து, முதல் வரியிலிருந்து படித்தாள். "மாணவி தடுமாறினால், தவறு அவளுடையதன்று, படியினுடையது" என்று ஒரு வரி இருந்தது. பயிற்சியில் அதைக் கேட்ட ஞாபகமே அவளுக்கு இல்லை.

படிக்கு ஓர் அட்டையாக எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்தாள். அட்டைக்குத் திண்டாட வேண்டியிருக்கவில்லை. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அய்யாதுரையின் மகள் பேச்சியம்மாள் அந்த வகுப்பில்தான் படித்தாள். கடையில் மிஞ்சும் புடவைப் பெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னதும் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்தாள். நீரஜா அவற்றைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டினாள். முன்பக்கம் ஒரு வேலை, பின்பக்கம் விடை. பாண்டி பஜாரில் பல்பும் கம்பியும் வாங்கிவரும் பொறுப்பு ஸ்ரீரங்கனுக்கு. தன் பதிவு கைவிடப்பட்டதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

முதலில் போட்ட அட்டைகள் படு தோல்வி. பெண்கள் வேலையைப் பார்க்காமல் அட்டையைத் திருப்பி விடையைப் பார்த்தார்கள், பார்த்ததை அழகாக நோட்டில் எழுதிக்கொண்டார்கள், எழுதியதை மனப்பாடம் செய்தார்கள். நீரஜா விடைகளை அழித்தாள். பல்பு எரிந்தால் அதுவே விடை என்று முடிவு செய்தாள். இரண்டு பேருக்கு ஒரு கட்டு என்று கொடுத்துவிட்டு, பின்பெஞ்சுக்குப் போய் நின்று பார்த்தாள். பேச முடியாதவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை?

நாலு அட்டைவரை எல்லாரும் சுலபமாகப் போனார்கள். பல்பை எரியவைக்கச் சொன்ன ஐந்தாவது அட்டையில் நின்றார்கள். முன்பெஞ்சு, பின்பெஞ்சு வித்தியாசமில்லாமல் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். நீரஜா அதை மாற்றி எழுதினாள், மறுபடியும் நின்றார்கள். இன்னொரு விதமாக எழுதினாள், அப்போதும் அதே கதை. ஒருநாள் மத்தியானம் ஆசிரியைகள் அறையில் ஒரு பல்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. கரும்பலகையில் இத்தனை வருஷமும் பல்பு என்று ஒரு வட்டம் போட்டு அதற்குள் பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். அந்த வட்டத்தில் கம்பியை எங்கே தொட வேண்டும் என்று எந்தப் பெண்ணுக்குத் தெரியும்? பல்பின் அடியில் ஈயப் பொட்டு ஒன்று, பக்கவாட்டில் உலோக வளையம் ஒன்று. தொட வேண்டிய இடம் இரண்டு. அதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

புது ஐந்தாவது அட்டையில், "பல்பைக் கையில் எடு. உலோகம் எங்கெங்கே வெளியே தெரிகிறது? விரலால் தொட்டுப் பார்" என்று மட்டும் எழுதினாள். எரியவைக்கிற வேலை ஆறாவது அட்டைக்குப் போயிற்று. மறுநாள் வகுப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல்புகள் எரிந்தன. எரிந்தபோதெல்லாம் ஒரு சின்னக் கூச்சல் எழுந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியை புஷ்பத்திடம் புகார் சொன்னாள்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் புஷ்பம் மறுபடி கூப்பிட்டார். "விளையாட்டெல்லாம் நாளைக்கு ஒரு நாள் வேண்டாம் டீச்சர். டேப்பைப் போடுங்க. பிள்ளைங்க சொல்லட்டும். உங்களுக்காகத்தான் சொல்லுதேன்."

டேப் போட்டால் வகுப்பு நிலைக்கும் என்று நீரஜாவுக்கும் தெரியும். அட்டையோடு போனால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியாது. சிலேட்டை எடுத்தாள். "டேப் வேண்டாம்" என்று எழுதிக் காட்டினாள்.

புஷ்பம் அதைப் படித்தார். "சரி, உங்க இஷ்டம்" என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்ட்ரஸ் உள்ளே வந்தபோது வகுப்பில் சந்தைக்கடைச் சத்தம். அவர் வந்ததைப் பார்த்து எழுந்தவர்கள் பாதிப்பேர்தான். மீதிப்பேர் குனிந்த தலை நிமிரவில்லை. ஜமீலுன்னிசாவும் பேச்சியம்மாளும் ஒரு கம்பிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ், "இந்த வகுப்புக்கு டீச்சர் எங்கே?" என்று கேட்டார். பின்பெஞ்சு அருகே நின்ற நீரஜா கைகூப்பினாள். புஷ்பம் அவசரமாக, "டேப்பும் இருக்கு மேடம், போடச் சொல்லட்டுமா?" என்றார். நீரஜா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் ஜமீலுன்னிசாவின் பெஞ்சுக்குப் போனார். பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

ஜமீலுன்னிசா ஒரு நொடி யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "யாரும் சொல்லித் தரல மேடம். நாங்களே கண்டுபுட்சோம்" என்றாள்.

புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டார். வகுப்பு போயிற்று என்றுதான் நீரஜா நினைத்தாள். யாரும் சொல்லித் தராத வகுப்புக்கு எதற்கு ஓர் ஆசிரியை என்று கமிட்டி கேட்காமலா இருக்கும்?

இன்ஸ்பெக்ட்ரஸ் பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு பல்பை எடுத்து ஜமீலுன்னிசா முன்னால் வைத்தார். "ரெண்டையும் இந்த ஒரே கட்டையில எரியவைக்க முடியுமா?"

அப்படி ஓர் அட்டையை நீரஜா எழுதவே இல்லை. அவள் கால் தானாக முன்னால் நகர்ந்தது, பிடித்து நிறுத்திக்கொண்டாள். பெண்கள் இருவரும் ஏதேதோ செய்தார்கள். எரியவில்லை. "அத்த இங்க தொடு" என்றாள் ஒருத்தி. "அங்க தொட்டா வயி எங்க கீது? சுத்தி வரணும்" என்றாள் மற்றவள். மேடம் நிற்பதையே மறந்துபோனார்கள். கம்பியைப் பிரித்தார்கள், மறுபடி மாட்டினார்கள். கடைசியில் இரண்டு பல்புகளும் மங்கலாக எரிந்தன. "ஏன்டீ டல்லா எரியுது?" என்று பேச்சியம்மாள் கேட்க, அடுத்த சண்டை ஆரம்பமாயிற்று. மணி அடிக்கும்வரை இன்ஸ்பெக்ட்ரஸ் அங்கிருந்து நகரவில்லை.

வராந்தாவில் அவர் நீரஜாவிடம், "வகுப்பில் நீங்க என்னதான் செய்யறீங்க?" என்று கேட்டார். நீரஜா சிலேட்டில், "எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன்" என்று எழுதிக் காட்டினாள். அவர் படித்துவிட்டுப் புஷ்பத்தின் பக்கம் திரும்பினார்.

"இந்த கிளாஸை இவங்ககிட்டேருந்து எடுத்துடாதீங்க. கமிட்டில யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சாயங்காலம் ஸ்ரீரங்கன் கோஷ்டிக்குக்கூடப் போகாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "என்ன ஆச்சு? கிளாஸ் இருக்கா, போச்சா?"

"இருக்கு" என்று எழுதினாள்.

"பின்னே ஏன் கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?"

நீரஜா புடவைத் தலைப்பால் சிலேட்டைத் துடைத்துவிட்டு, "யார் சொல்லிக் கொடுத்தான்னு இன்ஸ்பெக்ட்ரஸ் கேட்டா. யாருமே சொல்லித் தரலைன்னு சொல்லிடுத்து அந்தப் பொண்ணு" என்று எழுதினாள்.

ஸ்ரீரங்கனுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அப்படியா சொல்லித்து? நீ சாப்பிடாம கொள்ளாம அட்டை வெட்டிண்டு கிடந்தது யாருக்குன்னு கேக்கறேன். நாளைக்கு நானே பள்ளிக்கூடத்துக்கு வந்து அந்தப் பொண்ணை நாலு வார்த்தை கேக்கறேன் பாரு."

நீரஜா தொண்டையில் கை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பதினெட்டு வருஷத்தில் தன்னைப் பற்றி அந்தப் பெண் சொன்னதைவிட நல்ல வார்த்தையை யாரும் சொன்னதில்லை என்று அவருக்கு விளக்க அந்தச் சிலேட்டில் இடம் போதவில்லை.